நீரில் மிதக்கும் வண்ணங்கள்

தடித்த அட்டையுடைய பழைய நூல்களைத் திறந்தால், உட்புறத் தாளில் மயில் தோகையைப் போலவும் பளிங்கின் நரம்புகளைப் போலவும் வண்ணங்கள் சுழன்றிருப்பதை வாசகர்களுள் சிலர் கண்டிருக்கலாம். அது அச்சடித்ததன்று, தூரிகையால் தீட்டியதுமன்று. கொழகொழப்பான நீரின்மேல் வண்ணத்தை மிதக்கவிட்டு, அதன்மீது தாளைப் படியவைத்து எடுத்ததாகும். துருக்கியர் இதனை எப்ரு என்பர். இதற்கு நெருங்கிய ஜப்பானியக் கலை சுமினகாஷி. நம் தக்காணத்தில், பதினேழாம் நூற்றாண்டின் பிஜப்பூர் ஓவியர்கள் இம்முறையில் எலும்பும் தோலுமான குதிரைகளையும் வரைந்தனர்.

ஐரோப்பாவில் இத்தொழிலை அறிந்தோர் அதை நெடுங்காலம் மறைத்தே வைத்தனர். 1853இல் சார்லஸ் வுல்னோ என்ற ஆங்கிலேயர் செய்முறையை நூலாக வெளியிட்டார். 1885இல் ஹங்கேரிய நூற்கட்டுநர் ஹால்ஃபர் மேலும் நுணுக்கங்களை எழுதினார். ஒரு தாளைப்போல் மறுதாள் அமையாது என்பதே இதன் சிறப்பு. 1775இல் அமெரிக்கர் அச்சிட்ட இருபது டாலர் பணத்தாளின் ஓரத்தில் இவ்வண்ணச் சுழலை இட்டதும், போலி செய்வோரைத் தடுக்கவே.

இன்று அக்ரிலிக் வண்ணங்கள் கிடைப்பதால், இக்கலையைத் துணியிலும் நம் இல்லத்திலேயே செய்யலாம். ஆசைப்பட்டுப் பட்டுச் சேலையில் தொடங்க வேண்டாம், கைக்குட்டையே போதும். துணி எவ்வளவோ, அதைவிடச் சற்றுப் பெரிய தட்டு வேண்டும் என்பதை நினைவில் கொள்க.

முதலில் புதுத்துணியைக் கஞ்சி போகத் துவையுங்கள். பின்னர் 4 லிட்டர் வெந்நீரில் சுமார் 60 கிராம் படிகாரத்தைக் கரைத்து, பிளாஸ்டிக் வாளியில் துணியை இருபது நிமிடம் ஊறவிடுங்கள். முறுக்கிப் பிழியாமல், சுருக்கமின்றி நிழலில் உலர்த்தி, மிதமான சூட்டில் தேயுங்கள். பலரும் சலித்துக்கொண்டு விட்டுவிடும் படி இதுவே. படிகாரம் இல்லாவிடில், அழகாகப் பதிந்த ஓவியம் முதல் அலசலிலேயே வடிந்துபோகும். ஒரு மாலை முழுவதும் செய்த உழைப்பு வீண். அதே படிகாரம் துணியில் நாட்பட நின்றால் இழையை அரிக்கும். ஆகவே தேவையான துணிகளை மட்டும் நனைத்து, ஓரிரு நாளில் பயன்படுத்திவிடுங்கள்.

நீரைக் கொழகொழப்பாக்குவது கராஜீனன் எனும் கடற்பாசித் தூள். இதில் பல வகை உண்டு. இராமநாதபுரக் கரையோரத்தில் வளர்க்கப்படும் காப்பாபைகஸ் பாசியிலிருந்து கிடைப்பது கட்டியாக இறுகும் வகை; நமக்கு உதவாது. குளிர்நீரிலேயே குழையும் லாம்டா வகையைக் கேட்டு வாங்குங்கள். 4 லிட்டர் நீருக்குச் சுமார் 20 கிராம் தூளை மிக்சியில் சிறிது சிறிதாக அடித்துக் கலந்து, குமிழி அடங்க ஓர் இரவு வையுங்கள். உப்புக் கலந்த கிணற்று நீர் காரியத்தைக் கெடுக்கும், மழைநீர் மேலானது.

மறுநாள் அதைத் தட்டில் இரண்டங்குலம் ஊற்றி, செய்தித்தாள் துண்டால் மேற்பரப்பை இழுத்துத் துடையுங்கள். வண்ணத்தைப் பாலின் பதத்துக்கு நீர்க்கச் செய்து சொட்டுங்கள். சொட்டு நாலங்குல வட்டமாக விரிந்தால் சரி; மூழ்கினால் இன்னும் சற்று நீர் சேர்க்க வேண்டும். பின்னர் விழும் நிறம் முன்னதை ஒதுக்கித் தள்ளுமேயன்றி அதனுடன் கலவாது. ஈர்க்குச்சியால் கோடிழுத்தால் இறகும் இலையும் தோன்றும். பிள்ளைகள் இங்கேதான் அளவு மீறிக் கிளறுவர். அவர்களைச் சற்றே தடுத்து நிறுத்துங்கள்.

துணியைப் படியவைக்க இருவர் வேண்டும். நான்கு மூலைகளையும் பிடித்து, நடுப்பகுதி முதலில் நீரைத் தொடும்படி, தயங்காமல் இறக்குங்கள். இடையில் கை நின்றால் அவ்விடத்தில் கோடு விழும். காற்று சிக்கினால் வெள்ளைப் புள்ளி விழும். உடனே தூக்கி, குளிர்நீரில் மெல்ல அலசி, தேய்க்காமல் உலர்த்துங்கள். ஒரு வாரம் கழித்து மறுபுறத்தில் இஸ்திரி போட்டு, மென்மையான சோப்பு நீரில் துவைத்தால் எஞ்சிய படிகாரம் நீங்கும். தட்டையும் மிக்சிச் சாடியையும் பின்னர் சமையலறையில் பயன்படுத்தலாகாது. மிஞ்சிய பாசிநீரைக் குளிரில் வைத்தால் சில நாள் தாங்கும், நாற்றமெடுத்தால் ஊற்றிவிடுங்கள்.