பேஜ்மேக்கரிலிருந்து ஒருங்குறிக்கு மாறுதல்: தமிழ் அச்சு வடிவமைப்பாளர்களுக்கு

ஒருங்குறிக்கு மாறுதல் என்பது, பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்து சேமித்த பாடங்களை எல்லாக் கணினிகளும் தமிழாகவே அறியும் குறியீட்டுக்குக் கொண்டுவருவதாகும். புத்தகம், மலர், அழைப்பிதழ் வடிவமைப்போர் புதிய கணினியோ புதிய மென்பொருளோ வாங்கும்போது முதலில் எதிர்கொள்வது இதைத்தான். நினைவகம் எவ்வளவு, செயலி எந்தத் தலைமுறை என்ற கேள்விகள் இதற்குப் பிறகே வரவேண்டும்.

தஞ்சை மாவட்டம் திருப்பனந்தாள் காசித் திருமடத்தாலும் செந்தமிழ்க் கல்லூரியாலும் அறியப்பட்ட ஊர். இவ்வூரையும் கும்பகோணம், ஆடுதுறை போன்ற ஊர்களையும் சேர்ந்த டிடிபி கடைகளுக்குக் கல்யாணப் பத்திரிகை, தல புராணம், பதிகத் தொகுப்பு, கும்பாபிஷேக மலர் ஆகியவையே வழக்கமான வேலை. கும்பாபிஷேகம் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடப்பது மரபு. சென்ற முறை போட்ட மலரிலிருந்து தல வரலாற்றை அப்படியே எடுத்துத் தாருங்கள் என்று திருப்பணிக் குழுவினர் கேட்பார்கள். 12 ஆண்டு என்பது கணினி உலகில் மிக நீண்ட காலம். கும்பகோணம் மகாமகம் 2004இலும் 2016இலும் நடந்தது, அடுத்தது 2028இல். 2004இல் பேஜ்மேக்கரில் செய்த ஒரு கோப்பை 2028இல் திறக்க முடியுமா என்பதுதான் இங்குள்ள கேள்வி.

சிக்கல் எங்கே உள்ளது

ஆல்டஸ் நிறுவனம் 1985இல் வெளியிட்ட பேஜ்மேக்கர், 1994இல் அடோபியின் கைக்கு வந்தது. 2001இல் வந்த 7.0தான் அதன் கடைசிப் பதிப்பு. அது ஒருங்குறியை அறியாது. ஆகவே தமிழுக்கு ஒரு மாற்று வழி கையாளப்பட்டது. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் எழுத்துகளின் வடிவங்களை வரைந்து வைத்து எழுத்துரு செய்தார்கள். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று திரையில் தெரிவது, கணினியைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. எழுத்துருவை எடுத்துவிட்டால் அந்த ஆங்கிலக் குப்பைதான் மிஞ்சும்.

இதில் இன்னொரு சங்கடம், எழுத்துருவுக்கு எழுத்துரு இந்த இட ஒதுக்கீடு வேறுபட்டது. பாமினி ஒரு விதம், வானவில் ஒரு விதம், ஸ்ரீலிபி மற்றொரு விதம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற இரு குறியீடுகளை ஏற்றது. 2010இல் ஒருங்குறியும் டேஸ்16 என்ற குறியீடும் அரசின் தரங்களாக அறிவிக்கப்பட்டன. ஆனால் அரசாணையால் கடைகளின் வழக்கம் மாறிவிடவில்லை. கைக்குப் பழகிய விசைப்பலகையும், தலைப்புக்கு ஏற்ற அலங்கார எழுத்துருக்களும் பழைய முறையில்தான் இருந்தன. இதைச் சோம்பல் என்று சொல்வது நியாயமாகாது. மாலைக்குள் பத்திரிகை அச்சுக்குப் போகவேண்டிய தொழில் அது.

இப்போது அந்தப் பழைய வழி ஒவ்வொரு பக்கமாக அடைபட்டு வருகிறது. பேஜ்மேக்கர் கோப்புகளை இன்டிசைன் சிஎஸ்6 வரையிலான பதிப்புகள் திறந்து மாற்றித் தந்தன. பின்வந்த சிசி பதிப்புகள் அதைச் செய்வதில்லை. 'டைப் 1' வகை எழுத்துருக்களுக்கான ஆதரவை ஃபோட்டோஷாப் 2021இலும், இன்டிசைன், இல்லஸ்ட்ரேட்டர் முதலியவை 2023 ஜனவரியிலும் நிறுத்தின. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. டாங்கிள் எனும் பூட்டுடன் வந்த தமிழ் மென்பொருள்களோ, அந்தப் பூட்டு பழுதானால் திறப்பதேயில்லை.

எதை மாற்றுவது, எதை விடுவது

எல்லாக் கோப்புகளையும் மாற்ற முனைவது வீண் உழைப்பு. முடிந்துபோன கல்யாணத்தின் பத்திரிகையையும் வரவேற்பு ஃப்ளெக்ஸையும் யாரும் மறுபடி கேட்கப்போவதில்லை. நூல்கள், மலர்கள், தல வரலாறுகள், உரையுடன் கூடிய பதிகங்கள் ஆகியவற்றை மாற்றினால் போதும்.

பழைய கணினியை விற்கவோ அதில் புதிய விண்டோஸ் ஏற்றவோ வேண்டாம். அது ஓடும்போதே, தேவையான ஒவ்வொரு கோப்பையும் அதில் பயன்பட்ட எழுத்துருக்களுடன் சேர்த்து வெளி வட்டில் படியெடுக்க வேண்டும். எழுத்துருக்களை உட்பொதித்த ஒரு பிடிஎஃப் எடுத்துவைப்பதும் நல்லது. பக்கம் எப்படி இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் பிடிஎஃப் இருந்தால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. அதிலிருந்து பாடத்தை நகலெடுத்தால் அதே ஆங்கிலக் குப்பைதான் வரும். அதில் ஒரு சொல்லையும் தேட முடியாது.

பின்னர் பேஜ்மேக்கரிலிருந்து பாடத்தைத் தனியே வெளியேற்றி, குறியீடு மாற்றியில் இட வேண்டும். என்எச்எம் கன்வெர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் இலவசமாகவே கிடைத்தன. மூல எழுத்துரு எது என்று சரியாகத் தேர்ந்தெடுப்பது முக்கியம். ஒரே கட்டுரையில் தலைப்பு ஓர் எழுத்துருவிலும் உடல் வேறொன்றிலும் இருந்தால் இரண்டையும் தனித்தனியே மாற்ற வேண்டும். இடையே வரும் ஆங்கிலச் சொற்களும் மின்னஞ்சல் முகவரிகளும் மாற்றியில் சிக்கி, பொருளற்ற தமிழாகிவிடும். அவற்றை முன்பே எடுத்து வைத்துக்கொள்வது வேலையைக் குறைக்கும்.

மெய்ப்பில் பார்க்க வேண்டியவை

மாற்றி வைத்த பாடத்தை மெய்ப்பு பார்க்காமல் அச்சுக்கு அனுப்பவே கூடாது. பிழைகள் குறிப்பிட்ட இடங்களில்தான் வரும். எங்கே என்று தெரிந்தால் பிடிப்பது எளிது.

பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் வலப்பகுதியும் 'ள' என்ற எழுத்தும் ஒன்றே. எனவே 'வெள்ளி' என்ற சொல்லைச் சில மாற்றிகள் 'வௌ்ளி' ஆக்கிவிடும். 'சௌந்தரம்' என்பது 'செளந்தரம்' ஆகும். கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலத் தெரிந்தாலும் கணினிக்கு இவை வேறு வேறு சொற்கள்.

அடுத்தது காலும் ரகரமும். தட்டச்சில் துணைக்காலுக்கு மேல் புள்ளி வைத்து 'ர்' ஆக்கும் பழக்கம் இருந்ததால், 'அவர்' என்பது 'அவா்' என்று வந்து நிற்கும். இணையச் செய்திகளில் இந்தப் பிழையை இன்றும் தாராளமாகக் காணலாம். தேடுபொறியில் 'அவர்' என்று தேடுபவருக்கு இது அகப்படாது. துணைக்காலையும் புள்ளியையும் சேர்த்துத் தேடி, 'ர்' என்று ஒரே ஆணையில் மாற்றிவிடலாம். தமிழில் துணைக்காலை அடுத்துப் புள்ளி வர இடமே இல்லாததால் இதில் ஆபத்து கிடையாது.

'ஸ்ரீ' எழுத்து 'ஸ்' கொண்டும் 'ஶ்' கொண்டும் இரு விதமாகச் சேமிக்கப்படுகிறது. தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. கோயில் மலர்களில் இது பக்கத்துக்குப் பத்து முறை வருமாதலால் நூல் முழுவதும் ஒரே விதமாக்கிக் கொள்ள வேண்டும்.

புதிய மென்பொருளைத் தேர்தல்

இன்டிசைனில் தமிழ் சரியாக அமைய 'வேர்ல்ட் ரெடி' வரி அமைப்பியைத் தேர்ந்திருக்க வேண்டும். சிஎஸ்6 பதிப்பிலிருந்து இந்திய மொழிகளுக்கு இது பயன்படுகிறது. அதைத் தேராதவர்களுக்கு ஒற்றைக் கொம்பு எழுத்தின் பின்னால் போய் நிற்கும். மென்பொருளுக்குத் தமிழ் தெரியவில்லை என்று முடிவுகட்டிப் பழைய எழுத்துருவுக்கே திரும்பியோர் பலர். ஃபோட்டோஷாப்பிலும் எழுத்து அமைப்புகளில் இதையொத்த தேர்வு உண்டு. மாதச் சந்தா கட்ட இயலாத சிறு கடைகளுக்கு ஸ்கிரைபஸ் என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. 2017இல் வந்த 1.5.3 பதிப்பு முதல் அது தமிழ் போன்ற எழுத்துமுறைகளைக் கையாள்கிறது, 1.6 பதிப்பு 2024இல் வெளிவந்தது. பத்திரிகை, சுவரொட்டி வேலைகளுக்கு இங்க்ஸ்கேப் போதும்.

எதை வாங்குவதானாலும் சோதனைப் பதிப்பை நிறுவி, 'வெள்ளைக்கொடி', 'சௌந்தரம்', 'ஸ்ரீரங்கம்', 'லக்ஷ்மி' ஆகிய நான்கு சொற்களை அடித்துப் பார்த்து, அச்சிலும் எடுத்துப் பார்க்க வேண்டும். விற்பவரின் விளக்கத்தைவிட இந்த நான்கு சொற்கள் நன்றாக உண்மை பேசும்.

விரல் பழக்கத்தைப் பற்றிய அச்சம் தேவையில்லை. என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை, அழகி போன்ற கருவிகளில் பழைய தட்டச்சு முறையிலேயே அடித்து ஒருங்குறி பெறலாம். புதிதாகக் கற்கும் மாணவர்கள் தமிழ்99 முறையில் தொடங்குவதே மேல். எழுத்துருக்களுக்கு நோட்டோ, கேட்டமரன், முக்தா மலர் முதலியவை இலவசம். பழைய அலங்கார எழுத்துருதான் வேண்டுமென்றால், தலைப்பை மட்டும் அதில் அமைத்து வடிவமாக மாற்றிப் படம்போல் வைத்துக்கொள்ளலாம். உடல் பாடம் மட்டும் ஒருங்குறியில் இருக்கட்டும்.

கணினியைப் பொறுத்தவரை, சுழலும் வட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்துவதே குறைந்த செலவில் அதிகப் பலன் தரும். அடோபி மென்பொருள்களுக்கு 16 ஜிபி நினைவகம் இருந்தால் வசதி. விண்டோஸ் 11க்குத் தகுதியில்லாத பழைய கணினியை இணைய இணைப்பைத் துண்டித்து, பழைய கோப்புகளைத் திறப்பதற்கென்றே ஒரு மூலையில் வைத்திருக்கலாம்.