பேரேட்டில் ஏறாத செலவு

கடை வாடகை, மின் கட்டணம், ஆள் கூலி, வட்டி, எலி தின்ற மூட்டை உட்பட எல்லாச் செலவையும் பேரேட்டில் எழுதுகிறோம். சுவாசிக்கும் காற்றுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியவர் நம்மில் எவரும் இல்லை. காற்று மாசு என்றால் டாக்டர்களும் விஞ்ஞானிகளும் பேச வேண்டிய சங்கதி என்றே இருந்துவிட்டோம். அந்தக் கணக்கை வேறு சிலர் போட்டிருக்கிறார்கள். வணிகர்களாகிய நாம் அதைப் புரட்டிப் பார்ப்பது அவசியம்.

2020 டிசம்பரில் லான்செட் குழுமத்து மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வின்படி, 2019ஆம் ஆண்டில் மட்டும் காற்று மாசினால் இந்தியாவில் 16 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர். நாட்டுக்கு ஏற்பட்ட பொருள் நட்டம் சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் கோடி ரூபாய். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இது 1.36 சதவீதம். 'ஒன்றே கால் சொச்சம்தானே' என்று வெளியார் சொல்லலாம். நாம் சொல்ல முடியாது. சர்க்கரை மூட்டையிலும் எண்ணெய் டின்னிலும் மொத்த வியாபாரிக்குச் சில நாட்களில் நிற்பதே அவ்வளவுதான்.

இந்த நட்டத்தில் ஐந்தில் நான்கு பங்கு அகால மரணங்களால் வந்தது. ஒருவர் உயிரோடு இருந்திருந்தால் இன்னும் எத்தனை ஆண்டு உழைத்திருப்பார், எவ்வளவு ஈட்டியிருப்பார் என்று கணக்கிடுகிறார்கள். மீதி, நோயில் படுத்ததால் வீணான உழைப்பு. 2016இல் உலக வங்கி வெளியிட்ட அறிக்கையோ, 2013ஆம் ஆண்டுக்கான இந்தியாவின் இழப்பை ஏழரை சதவீதத்துக்கு மேல் என்றது. யார் கணக்கு தப்பு? இரண்டும் தப்பில்லை. உலக வங்கியும் சம்பாத்திய இழப்பை மட்டும் பார்த்தபோது ஒரு சதவீதத்துக்குக் குறைவாகவே வந்தது. சாவின் அபாயத்தைக் குறைத்துக்கொள்ள மக்கள் எவ்வளவு கொடுக்க முன்வருவார்கள் என்று உயிருக்கே மதிப்புப் போட்டபோதுதான் தொகை அவ்வளவு ஏறியது. ஒரே கடையைச் சரக்கு மதிப்புக்கும் விலை பேசலாம், குட்வில் சேர்த்தும் பேசலாம் அல்லவா?

நமக்கு நேராகத் தொடர்புள்ள கணக்கு 2021இல் வந்தது. டால்பெர்க் என்ற ஆலோசனை நிறுவனம், காற்று மாசினால் ஊழியர்கள் வேலைக்கு வராத நாட்கள் ஆண்டுக்கு 130 கோடி என்றது. மாசு மிகுந்த நாட்களில் வாடிக்கையாளர் வெளியே வராததால் கடைகளும் உணவகங்களும் இழப்பது 2,200 கோடி டாலர் என்றும் மதிப்பிட்டது.

இதில் சிறு வணிகரின் நிலை தனி. கம்பெனி ஊழியருக்கு மருத்துவ விடுப்பு உண்டு. நமக்கு ஷட்டர் இறங்கினால் வரவு பூஜ்யம். பேருந்து நிலையத்தை ஒட்டி மளிகை வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர், மூச்சிழுப்பினால் மழைக்காலத்துக்குப் பின் பதினோரு நாள் கடை திறக்கவில்லை. மருந்துச் செலவைக் குறித்து வைத்திருந்தார். பதினோரு நாள் வியாபாரத்தை எங்கும் குறிக்கவில்லை. அக்கம்பக்கத்துக் கடைக்குப் போன வாடிக்கைகளில் சிலர் திரும்பவே இல்லை என்றும் சொன்னார். அதை எந்த ஆய்வும் எண்ணாது.

மாசு முற்றிய பிறகு வரும் கட்டுப்பாடுகளும் நம் தலையில்தான். டில்லிக்குள் நுழையும் லாரிகளுக்கு 2015இல் உச்ச நீதிமன்றம் 700, 1,300 ரூபாய் எனக் கட்டணம் விதித்து, அந்த டிசம்பரிலேயே இரட்டிப்பாக்கியது. 2024 நவம்பரில் காற்று மிக மோசமானபோது, அத்தியாவசியப் பொருள் தவிர்த்த லாரிகளைத் தலைநகருக்குள் விடவில்லை. 113 நுழைவாயில்களில் கண்காணிப்பு வைத்தார்கள். 2017 அக்டோபரில் தீபாவளிக்குச் சில நாட்களே இருக்கையில் அங்கு பட்டாசு விற்பனை நிறுத்தப்பட்டது. முன்பணம் கட்டிச் சரக்கு இறக்கியிருந்த டில்லிக் கடைக்காரரும், சிவகாசியில் அனுப்பிவிட்டுப் பாக்கிக்குக் காத்திருந்தவரும் என்ன பாடு பட்டிருப்பார்கள்! சட்டம் வேண்டாம் என்பதல்ல நம் வாதம். புகைபோக்கி வைத்த பெரிய ஆலைக்கு ஆண்டுக்கணக்கில் அவகாசம் கொடுப்பவர்கள், பெட்டிக்கடைக்காரனுக்கு ஒரு வாரம் கூடக் கொடுப்பதில்லை என்பதே குறை.

ஆறுதலான செய்தியும் உண்டு. விறகு, வறட்டி அடுப்புப் புகையால் இறப்போரின் விகிதம் 1990க்கும் 2019க்கும் இடையே 64 சதவீதம் குறைந்திருப்பதாக அதே லான்செட் ஆய்வு கூறுகிறது. வீட்டு அடுப்பை மாற்ற முடிந்த நாட்டில் வெளிக்காற்றினால் வரும் சாவு விகிதம் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது.

வெளிக்காற்றில் நம் பங்கும் உண்டு, மறைப்பானேன்? இரவு கடை கட்டும்போது அட்டைப்பெட்டி, பாலிதீன், சணல் பிசிறு எல்லாவற்றையும் கூட்டி வாசலில் கொளுத்தும் வழக்கம் பல கடைத்தெருக்களில் இன்னும் இருக்கிறது. திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016லேயே உத்தரவிட்டுவிட்டது. பழைய அட்டையை எடைக்குப் போட்டால் காசு வரும். பாலிதீனைத் தனியே கட்டி வைத்தால் எடுத்துச் செல்ல நகராட்சி வண்டி கடைத்தெருவுக்கு இரவில் வரவேண்டும். பல ஊர்களில் அது காலையில், நாம் ஷட்டர் தூக்குவதற்கு முன்பே வந்து போய்விடுகிறது. வண்டி நேரத்தை மாற்றக் கோரி அந்தந்த ஊர்க் கிளைகள் நகராட்சி ஆணையருக்கு மனு கொடுக்கலாம்.