நேற்றை மாற்றினால் இன்று திறக்கும் வழி

‘தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா: ஆரக்கிள் ஆஃப் ஏஜஸ்’ என்பது, ஹிடெமரோ ஃபுஜிபயாஷியின் இயக்கத்தில் கேப்காம் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபிளாக்ஷிப் குழு உருவாக்க, நிண்டெண்டோவின் கேம் பாய் கலர் என்னும் கையடக்கக் கருவிக்காக 2001 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் வெளியான சாகச விளையாட்டாகும். வெரான் என்னும் சூனியக்காரி, காலத்தைக் காக்கும் நைரு என்பவளின் உடலுக்குள் புகுந்து கடந்த காலத்துக்குச் சென்று, ஆம்பி அரசியைக் கொண்டு பெருங்கோபுரம் ஒன்றை எழுப்பச் செய்வதால் நிகழ்காலம் நிலைகுலைகிறது; அதனைச் சீர்செய்யும் பொறுப்பு லிங்க் என்னும் வீரனுடையது.

நம் உலகில், விஜயநகரக் காலத்தில் கட்டப்பட்டு, பின்னர் திப்பு சுல்தானிடமும் பிரிட்டிஷாரிடமும் இருந்து, 1805-இல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட சங்ககிரிக் கோட்டையில், ஒரே குன்றின்மேல் பல காலங்கள் படிந்துள்ளன என்றாலும், ஏறுபவர் காண்பது அவற்றின் இன்றைய எச்சத்தை மட்டுமே. இவ்விளையாட்டு நிகழும் லாப்ரின்னா என்னும் கற்பனை நாட்டிலோ, அதே இடத்தின் இரு காலங்களிலும் நடக்கலாம். லிங்கின் யாழில் ஓர் இசை, உறங்கும் காலவாயில்களைத் திறக்கிறது. மற்றொன்று கடந்த காலத்திலிருந்து மீட்டு வருகிறது. மூன்றாவது, விரும்பிய இடத்திலிருந்தே இரு திசையிலும் செல்ல உதவுகிறது.

நிகழ்காலத்தில் ஏறவியலாத செங்குத்துப் பாறையொன்று குறுக்கிட்டால், கடந்த காலத்தில் அதன் அடிவாரத்துக்குக் கொடிக்கன்றைத் தள்ளி வைத்துத் திரும்ப, கன்று வளர்ந்து பற்றி ஏறும் கொடியாக நிற்கிறது. விளைவைக் கண்முன் கொண்டு, அதற்குரிய காரணத்தை முற்காலத்தில் தேடும் இந்தப் பின்னோக்கிய சிந்தனைதான் இவ்விளையாட்டின் தலைசிறந்த சாதனை.

இத்தனையும் 160 × 144 புள்ளிகள் கொண்ட திரையிலும், 8 பிட் செயலியிலும், 1 மெகாபைட் கொள்ளளவுள்ள கேட்ரிட்ஜிலும் அடங்கியிருப்பது வியப்புக்குரியது. நிரல் எந்த வளர்ச்சியையும் கணக்கிடுவதில்லை. இரு காலங்களுக்கும் தனித்தனி நிலப்படங்களை வைத்துக்கொண்டு, கன்று இருக்கும் இடத்தைச் சிறு குறிப்பாக நினைவகத்தில் எழுதி, நிகழ்காலப் பகுதியை வரையும்போது அக்குறிப்பைப் பார்த்துக் கொடியை வைக்கிறது. கருவியை அணைத்தாலும், கேட்ரிட்ஜுக்குள் இருக்கும் சிறு பேட்டரி அந்நினைவை அழியாமல் காக்கிறது.

உடன் வெளியான ‘ஆரக்கிள் ஆஃப் சீசன்ஸ்’ பருவங்களை மாற்றும் விளையாட்டு. மூன்றாவதாகத் திட்டமிடப்பட்ட ஒன்று, மூன்றையும் ஒன்றோடொன்று இணைப்பது மிகச் சிக்கலானதால் கைவிடப்பட்டது. ஒன்றை முடிப்பவருக்குக் கிடைக்கும் கடவுச்சொல்லை மற்றொன்றில் உள்ளிட்டால் கதை அங்கே தொடர்வதோடு, இரு விளையாட்டுகளின் கேடுகளுக்கும் பின்னால் மறைந்திருந்த உண்மையான பகையும் வெளிப்படுகிறது.