மறைந்த எண்ணும் தோன்றும் எண்ணும்

கணிப்பொறியில் ஆடும் ஆட்டங்களில், திரையின் ஓரத்தே மதிப்பெண், எஞ்சிய நேரம், எஞ்சிய உயிர்கள் முதலியன எண்களாகத் தோன்றுவதைக் கண்டிருப்பீர்கள். 1972இல் அடாரி நிறுவனம் வெளியிட்ட பாங் என்னும் ஆட்டத்திலேயே இருவரின் மதிப்பெண்களும் திரையின் மேற்பகுதியில் தோன்றின. நாம் ஆட ஆட அவ்வெண்கள் மாறுவது எவ்வாறு என்பதை ஈண்டு ஆராய்வோம்.

நம் ஊர்த் திண்ணைகளில் ஆடப்பெறும் ஆடுபுலி ஆட்டத்தில் இவ்வினாவே எழுவதில்லை. வெட்டுண்ட ஆடுகள் கண்ணெதிரே கிடக்கின்றன, யாரும் எண்ணிக்கொள்ளலாம். கணிப்பொறி ஆட்டத்திலோ எண்ணிக்கை நினைவகத்தின் ஓரிடத்தில் மறைந்து கிடக்கிறது. பெயரிடப்பெற்று, உள்ளிருக்கும் மதிப்பு மாறத்தக்கதாக உள்ள அவ்விடத்தை 'மாறி' என்பர். மாறியில் இருக்கும் மதிப்பு வேறு. திரையில் தோன்றும் எண் வேறு. முன்னது உண்மை, பின்னது அவ்வுண்மையின் அறிவிப்பு. உண்மை மாறியதனாலேயே அறிவிப்பும் தானாக மாறிவிடும் என்று கருதுதல் கூடாது.

இதனை விளக்க உத்திரமேரூர் நல்லதொரு சான்று தருகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்து இவ்வூரின் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய இரு கல்வெட்டுகள் உள்ளன. அவை குடவோலைத் தேர்தலின் விதிகளைக் கூறுகின்றன. முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இடுவர். சிறுவன் ஒருவன் ஓலை ஒன்றை எடுத்துத் தருவான். மத்தியஸ்தன் அதனை ஐந்து விரல்களும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்று வாசித்தல் வேண்டும். அங்குள்ள நம்பிமார் யாவரும் அதனை மீண்டும் வாசித்தல் வேண்டும். அதன் பின்னரே அப்பெயர் எழுதப்பெறும்.

சுவரில் உள்ள விதி, மாறிலி போன்றது. ஆண்டுதோறும் குடத்திலிருந்து வரும் பெயர், மாறியின் மதிப்பு போன்றது. விரித்த கையும் உரக்க வாசித்தலும் திரை போன்றவை. பெயர் ஓலையில் இருப்பது மட்டும் போதாது, அவையோர் அதனை ஐயமின்றி அறிதலும் வேண்டும் என்று நம் முன்னோர் கருதினர் அன்றோ?

ஆட்டம் எழுதுவோனும் இம்முறையையே பின்பற்றுகிறான். மதிப்பு மாறியவுடன் மூன்று செயல்கள் நிகழ்தல் வேண்டும். முதலாவது, எண்ணை எழுத்துருக்களின் வரிசையாக மாற்றுதல். கணிப்பொறிக்குக் கணக்கிடும் எண் வேறு, எழுதிக் காட்டும் எண் வேறு. இரண்டாவது, திரையில் உள்ள பழைய எண்ணை அழித்தல். மூன்றாவது, அவ்விடத்தே புதியதை வரைதல்.

இடைச்செயலை மறந்தால் விளைவது யாது? மதிப்பெண் 100 என்பதிலிருந்து 99 ஆகக் குறைகிறது என்க. புதிய எண் முதல் இரண்டு இடங்களை மட்டும் நிரப்பும். பழைய மூன்றாம் இலக்கமாகிய சுழி அப்படியே நிற்கும். திரை 990 என்று காட்டும்! கணக்கில் பிழையில்லை, அறிவிப்பே பொய்யாயிற்று. இதனைத் தவிர்க்கவே பல ஆட்டங்கள் திரை முழுவதையும் வினாடிக்கு அறுபது முறை வரை புதிதாக வரைகின்றன.

ஸ்கிராட்ச் மொழியில் இவ்வேலை எளிது. மாறியின் பெயருக்கு அருகே உள்ள சிறு கட்டத்தில் குறியிட்டால், மேடையில் அதன் மதிப்பு தோன்றும். மாறுந்தோறும் தானே புதுப்பிக்கப்பெறும். பைத்தான் போன்ற மொழிகளில் எழுதும்போது நாமே இதற்கு ஏற்பாடு செய்தல் வேண்டும்.

இது விளையாட்டுச் செய்திதானே என்று எண்ணிவிடாதீர்கள். நியாயவிலைக் கடையின் மின்னணுத் தராசும் பெட்ரோல் நிலையத்தின் அளவியும் இவ்வாறே எண்களைக் காட்டுகின்றன. உள்ளே நிகழும் கணக்கை வாங்குவோர் காண இயலாது. வெளியே தோன்றும் எண்ணை நம்பியே பணம் கொடுக்கின்றனர். ஆதலின், நாளை நீங்கள் ஒரு சிறிய ஆட்டம் எழுதினாலும், உள்ளிருப்பதும் வெளித்தோன்றுவதும் ஒன்றாக உள்ளனவா என்று ஒவ்வொரு மாற்றத்தின் பின்னரும் சோதித்துப் பாருங்கள். அப்பழக்கம் பெரிய பணிகளிலும் உங்களுக்குத் துணை நிற்கும்.