மாமரத்தடியில் பிறந்த தொற்று

1998 செப்டம்பரில் மலேசியாவின் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களிடையே கடும் மூளைக்காய்ச்சல் தோன்றியது. கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதிய அரசு புகைமருந்து அடித்தது, தடுப்பூசியும் போட்டது. நோய் அடங்கவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே படுத்தவர்களோ பன்றிகளோடு புழங்கிய பெரியவர்கள். கொட்டில்களில் பன்றிகளும் உரக்க இருமிக்கொண்டிருந்தன.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா கவ் பிங், நோயாளி ஒருவரிடமிருந்து புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிபா என்ற ஊரின் பெயரே அதற்கு வந்தது. அது காலங்காலமாகக் குடியிருப்பது பழந்தின்னி வௌவால்களில் என்பது பிறகு தெரிந்தது. கொட்டில்களை ஒட்டி மாமரங்கள் இருந்தன. வௌவால் கடித்துப்போட்ட பழத்தைப் பன்றிகள் தின்றன. நெருக்கி அடைத்த மந்தையில் தொற்று மளமளவென்று பரவி மனிதருக்குத் தாவியது என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். மலேசியாவில் 265 பேர் நோயுற்றனர். 105 பேர் இறந்தனர். சுமார் 10 லட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. பின்னர் பழமரங்களும் பண்ணைகளும் விலக்கி வைக்கப்பட்டன. மலேசியாவில் நிபா மீண்டும் பரவவில்லை.

வங்கதேசத்தில் 2001 முதல் நிபா வேறு வழியில் வருகிறது. குளிர்காலத்தில் ஈச்சமரத்தைச் சீவிக் கலயம் கட்டுவார்கள். வடியும் சாற்றை வௌவால்கள் இரவில் நக்குவதை அகச்சிவப்புக் கேமராக்கள் காட்டின. காய்ச்சாத அந்தச் சாற்றைக் குடிப்பவருக்குத் தொற்றுகிறது. சீவிய இடத்தை மூங்கில் தட்டியால் மறைத்தால் வௌவால் அண்டாது.

இரண்டு இடங்களிலும் தடுப்புக்கான வழி மருத்துவமனைக்கு வெளியேதான் இருந்தது. மனிதர், விலங்கு, சூழல் ஆகியவற்றின் நலத்தைச் சேர்த்தே பார்க்கும் ‘ஒரே நலம்’ கொள்கை இதைத்தான் வலியுறுத்துகிறது. உலக சுகாதார நிறுவனம், உணவு வேளாண்மை நிறுவனம், உலக விலங்குநல அமைப்பு, ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் ஆகிய நான்கும் 2022-இல் இதற்கான கூட்டுச் செயல்திட்டத்தை வெளியிட்டன. 2025 மே மாதம் ஏற்கப்பட்ட பெருந்தொற்று உடன்படிக்கையிலும் இக்கொள்கை இடம்பெற்றுள்ளது.

நடைமுறையில் இதற்குச் சில ஏற்பாடுகள் வேண்டும். கால்நடை மருத்துவர் காணும் மர்மச் சாவு சுகாதாரத் துறைக்கு உடனே எட்டவேண்டும். காட்டை அழிக்கவோ பண்ணை அமைக்கவோ அனுமதி தரும்போது நோய் அபாயத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும். துறைகளுக்குப் பொது நிதி ஒதுக்கவேண்டும். தனித்தனி நிதி என்றால் பொதுவான வேலை யார் தலையிலும் விழாது. நோயை அறிவிக்கும் பண்ணைக்காரர் மந்தை முழுவதையும் இழக்க நேரிடும். இழப்பீடு உறுதியாகக் கிடைக்காவிட்டால் அவர் நோயை மறைப்பார், அல்லது விலங்குகளை அவசரமாக விற்றுவிடுவார். மலேசியாவிலும் பன்றி வணிகத்தின் வழியாகத்தான் நிபா ஈப்போவிலிருந்து தெற்கே நெகிரி செம்பிலானுக்கும் சிங்கப்பூருக்கும் போனது.