ஃபீஸுக்குள் ஒரு மாடு

பெரியவன் கல்லூரி விண்ணப்பம் பூர்த்தி செய்து கொண்டிருந்தான். 'தாயாரின் வருமானம்' என்ற கட்டத்தில் கொஞ்சமும் யோசிக்காமல் 'இல்லை' என்று எழுதினான். எனக்குச் சுருக்கென்றது. இரண்டு கறவை மாடு வைத்துக்கொண்டு விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து பால் ஊற்றுகிறேன். அவன் பள்ளிக்கூட ஃபீஸ் முழுக்க அந்தப் பணத்தில்தான் போனது.

"ஏம்மா, பால் காசெல்லாம் வருமானமா?" என்கிறான்!

அன்று மத்தியானம் அவனுடைய ஆங்கில அகராதியை எடுத்துப் புரட்டினேன். நான் படித்தது பத்தாவதுதான். ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் எங்கிருந்து வந்தது என்று போட்டிருப்பதைப் படிக்கப் படிக்க அடுப்பில் குழம்பு இருப்பதே மறந்துவிட்டது.

வேடிக்கையைக் கேளுங்கள். பழைய ஆங்கிலத்தில் 'ஃபெயோ' என்றால் மாடு. செல்வம் என்றாலும் அதுதான். இன்று நாம் கட்டுகிற 'ஃபீ' அதற்கு உறவுக்காரச் சொல். லத்தீனில் 'பெகுஸ்' என்றால் கால்நடை, அதிலிருந்து வந்த 'பெகூனியா' என்றால் பணம். நம்ம வள்ளுவரும் மாடு என்ற சொல்லைச் செல்வம் என்ற பொருளில் சொல்லியிருக்கிறாரே! முதலைக் குறிக்கும் 'கேப்பிடல்', மாட்டைக் குறிக்கும் 'கேட்டில்', இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். தலை என்று பொருள்படும் லத்தீன் சொல்தான் இரண்டுக்கும் மூலம்.

'எர்ன்' என்ற சொல்லுக்கு அறுவடையோடு உறவு. 'கெய்ன்' மேய்ச்சலிலும் வேட்டையிலும் பிறந்தது. 'ப்ராஃபிட்' என்றால் முன்னேற்றம், 'போனஸ்' என்றால் நல்லது, அவ்வளவுதான். 'சாலரி'க்குள் உப்பு இருப்பது நிஜம். ஆனால் ரோமாபுரிச் சிப்பாய்களுக்கு உப்பையே அளந்து கூலியாகக் கொடுத்தார்கள் என்பதற்குப் பழைய சான்று கிடையாதாம். நானும் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன்!

கடையில் கல்லாவில் போடுகிற 'கேஷ்' பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் நம் நாட்டுச் சின்ன நாணயத்தை வெள்ளைக்காரர்கள் 'கேஷ்' என்று எழுதினார்களே, அது நம்ம 'காசு'தான்; போர்த்துகீசியர் வாய்வழியாகப் போய்ச் சேர்ந்தது.

சாயங்காலம் பெரியவன் வந்ததும் அகராதியை அவன் முன்னால் வைத்தேன். படித்துவிட்டுச் சிரித்தான். "அதை அடிச்சிட்டு எழுதுடா" என்றேன்.

"என்னன்னும்மா எழுத?"

"பால் வியாபாரம்."

மாதத்துக்கு எவ்வளவு என்று கேட்டான். தீவனச் செலவு போகக் கணக்குச் சொன்னேன்.

"இவ்வளவா!" என்றான்.