அதே விமானம்தான்... கம்பெனி மாறினா சீனியர் பைலட்டுக்கும் ஏன் மறுபடி பயிற்சி?

10,000 மணி நேரம் பறந்த கேப்டன் ஒருவர் வேறு ஏர்லைன்ஸில் சேர்கிறார். மறுநாளே விமானத்தை எடுத்துட்டுக் கிளம்ப முடியுமா? முடியாது. ஏன் என்று பார்க்கலாம்.

லைசென்ஸ் போதாதா?

குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டத் தெரியும் என்பதற்குத்தான் லைசென்ஸ். ஆனால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 'எஸ்ஓபி' எனப்படும் தனி நடைமுறை உண்டு. செக்லிஸ்ட்டை யார் படிக்கணும், எந்தக் கட்டத்தில் எந்த வார்த்தையைச் சொல்லணும், எப்போது தரையிறங்காமல் மறுபடி மேலே ஏறணும் என எல்லாமே அதில் இருக்கும். பக்கத்து சீட்டில் இருப்பவரை அன்றுதான் முதல்முறை பார்க்கிறார் என்றாலும், இருவரும் ஒரே மாதிரி செயல்படணும். அதனால்தான் வகுப்பு, சிமுலேட்டர், அப்புறம் பயிற்சியாளருடன் சேர்ந்து பறப்பது என மறுபடியும் படிகள் ஏற வேண்டியிருக்கு.

அனுபவமே சிக்கலாகுமா?

ஆகலாம். நெருக்கடியில் கை தானாகப் பழைய பழக்கத்துக்குத்தான் போகும். பதவி மரியாதையும் ஒரு சிக்கல். 1977 மார்ச் 27-ல் டெனெரிஃப் விமான நிலையத்தில் ஓடுபாதை காலியாக இருக்கிறதா என்று கேஎல்எம் விமானத்தின் ஃப்ளைட் இன்ஜினியர் சந்தேகம் எழுப்பினார். மிக சீனியரான கேப்டன் அதை ஏற்காமல் கிளம்பினார். பான் ஆம் விமானத்துடன் மோதியதில் 583 பேர் பலி. ஜூனியர் தயங்காமல் பேசணும், சீனியர் காது கொடுக்கணும் என்ற 'சிஆர்எம்' பயிற்சி இதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகுதான் வந்தது. இந்தப் பழக்கம் எல்லா நிறுவனத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை.

சீனியாரிட்டி சண்டை ஏன்?

யார் எப்போது கேப்டன் ஆவது, யாருக்குப் பெரிய விமானம் என்பதில் சீனியாரிட்டி பட்டியலுக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டு நிறுவனங்கள் இணையும்போது பட்டியலும் கலக்கும். ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் 2007-ல் இணைந்தன. ஆனால் ட்ரீம்லைனர் பயிற்சி யாருக்கு என்ற தகராறில் 2012-ல் ஏர் இந்தியா விமானிகளின் ஸ்ட்ரைக் 58 நாள் நீடித்தது. ஒரே பெயர் வந்து 5 வருஷம் ஆகியும் மனசு ஒன்றாகவில்லை!

ஏர் இந்தியாவுடன் விஸ்தாரா இணைந்தது 2024 நவம்பர் 12-ல். அதற்கு முன்பே, உறுதியான பறக்கும் சம்பளம் மாதம் 70 மணி நேரத்திலிருந்து 40 மணி நேரமாகக் குறைந்ததால் விஸ்தாரா விமானிகள் கொதித்தனர். அந்த ஏப்ரலில் தினமும் 25 முதல் 30 விமானங்களைக் குறைக்க வேண்டிய நிலை வந்தது.

என்ன செய்யலாம்?

சம்பளம், சீனியாரிட்டி விதிகளை இணைப்புக்கு முன்பே வெளிப்படையாகச் சொல்லணும். 'இங்க இப்படித்தான்' என்று மட்டும் சொல்லாமல், ஏன் அப்படி என்ற காரணத்தையும் விளக்கணும். புதுசா வந்தவர் சொல்லும் நல்ல நடைமுறையை ஏற்கவும் தயாராக இருக்கணும்.

விமானத்தின் பெயரையும் நிறத்தையும் சீக்கிரம் மாற்றிவிடலாம். காக்பிட்டில் இருக்கும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நம்புவதுதான் பின்னால் உட்கார்ந்திருக்கும் நமக்குப் பாதுகாப்பு. அதற்குத்தான் இவ்வளவு மெனக்கெடல்.